பிள்ளை கதை படிக்கும்போது "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் உடனே சொல்லிவிடலாமா?

ஒரு தாய் கேட்ட கேள்வி இது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் தமிழ்க் கதைப் புத்தகங்களை ஆசையாக எடுக்கிறாள். ஆனால் வரிக்கு வரி நின்று "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்கிறாள். உடனே சொல்லிவிடலாமா, அகராதியைப் பார்க்கச் சொல்லலாமா, அவளே ஊகிக்கட்டும் என்று விட்டுவிடலாமா? கூடவே இன்னொரு குழப்பம்: பள்ளியில் கொடுத்த மரபுத்தொடர்ப் பட்டியலை முழுக்க ஒப்பிக்கிறாள், அதே தொடர் கதையில் வந்தால் விழிக்கிறாள். ஏன் இப்படி?

உடனே சொல்ல வேண்டாம். அகராதியும் முதல் வேலை இல்லை. அந்த வாக்கியத்தை முடிக்கச் சொல்லுங்கள், அதற்கு அடுத்ததையும் படிக்கச் சொல்லுங்கள். பிறகு "அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?" என்று கேட்காமல் "இங்க என்ன நடக்குது?" என்று கேளுங்கள். பொருள் கேட்டால் பிள்ளை தேர்வு எழுதும் மனநிலைக்குப் போய்விடும், "தெரியாது" என்று வாயை மூடிக்கொள்ளும். என்ன நடக்கிறது என்று கேட்டால் கதைக்குள் திரும்பிப் போகும். பொருள் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

நான் தமிழாசிரியர். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாய்விட்டுக் கதை படிப்பதுதான் என் வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்த மாதிரி ஒரு பத்தியை அவர்களிடம் கொடுப்பேன்:

"மழை பொய்த்த இரண்டாவது வருஷம். கிணற்றில் விட்ட வாளி தரையைத் தட்டியது. விதைநெல்லுக்காவது பணம் கிடைக்குமா என்று மாடசாமி பெரிய வீட்டுக்குப் போனான். பெரியவர் கையை விரித்துவிட்டார். மாடசாமி ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்தான்."

"பொய்த்த" என்ற இடத்தில் எல்லாரும் நிற்பார்கள். பொய் தெரியும், மழையும் தெரியும். மழை எப்படிப் பொய் சொல்லும்? சரி, மேலே படி என்றால் வாளி தரையைத் தட்டுகிறது. தண்ணீர் இல்லை. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு யாராவது ஒரு பிள்ளை சொல்லும்: "வர்றேன்னு சொல்லிட்டு வராம ஏமாத்திடுச்சு சார்." இதைவிட நன்றாக எந்த அகராதியும் சொல்ல முடியாது. இந்தப் பிள்ளைக்கு இனி "மழை பொய்த்தது" மறக்காது. நான் முதலிலேயே "பொய்த்தல் என்றால் பெய்யாமல் போதல்" என்று சொல்லியிருந்தால், பொய்க்கும் மழைக்கும் உள்ள உறவை அந்தப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும் சந்தர்ப்பமே போயிருக்கும்.

"கையை விரித்துவிட்டார்" கொஞ்சம் கஷ்டம். "கையை நீட்டிப் பணம் கொடுத்துட்டார்" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அப்படியானால் ஏன் பேசாமல் திரும்பி நடந்தான் என்று கேட்டால், "பணம் கிடைச்சிருச்சுல்ல, அதான் வீட்டுக்குப் போறான்" என்று பதில் வரும். இது நியாயமான பதில். இந்தப் பத்தியை மட்டும் வைத்து அதை மறுக்க முடியாது. எனவே அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும்: அங்கே அவன் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை என்று வந்தால் ஊகம் தானாகத் திருந்தும். ஊகிப்பது என்றால் வாயில் வந்ததைச் சொல்வது இல்லை, அடுத்த வரி வந்ததும் மாற்றிக்கொள்ளத் தயாராக ஒரு பொருளை வைத்துக்கொண்டு படிப்பது என்பது பிள்ளைக்கு இப்படித்தான் பிடிபடும். கடைசியில், கையை விரித்துக் காட்டி "ஒண்ணும் இல்லை" என்று சைகை செய்யச் சொல்லுங்கள். அந்தத் தொடர் எங்கிருந்து பிறந்தது என்று உடம்புக்கே தெரிந்துவிடும்.

சூழலை வைத்துப் பொருள் காணும் முறையை ஏதோ இப்போது வந்த கல்வி உத்தி என்று பலரும் நினைக்கிறார்கள். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்திலேயே இது இருக்கிறது. ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் எந்தப் பொருள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? "வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும்" என்கிறது நூற்பா. வினை, இனம், சார்பு: மூன்று தடயங்கள். உரையாசிரியர்கள் "மா" என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். "மா பூத்தது" என்றால் பூப்பது மரம்தான், ஆகவே மாமரம். இது வினை. "மாவும் மருதும் ஓங்கின" என்றால் கூட நிற்பது மருத மரம், ஆகவே இதுவும் மரம். இது இனம். கவசம் பூண்டு நிற்கும் ஒருவன் "மா கொண்டு வா" என்றால் அவன் கேட்பது குதிரை. இது சார்பு, அதாவது இடமும் நிலைமையும். பல பொருள் ஒரு சொல்லுக்குச் சொன்ன இந்த வழி, பொருளே தெரியாத சொல்லுக்கும் அப்படியே உதவும். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இலக்கணப் பெயர் எதுவும் வேண்டாம். "அது என்ன செய்யுது? கூட யார் இருக்காங்க? எந்த இடத்துல நடக்குது?" என்ற மூன்று கேள்வி போதும்.

குறளில் இதை அழகாகக் காட்டலாம். "மோப்பக் குழையும் அனிச்சம் முகந்திரிந்து நோக்கக் குழையும் விருந்து." இன்றைய பிள்ளைக்கு விருந்து என்றால் இலை நிறையச் சாப்பாடு. பொருள் சொல்லாமல் வினையைப் பிடிக்கச் சொல்லுங்கள். முகத்தைச் சுளித்துப் பார்த்தால் வாடிப்போவது எது? சோறு வாடுமா? பாயசம் வாடுமா? "ஆள்தான் சார் வாடுவாங்க." அப்படியானால் விருந்து என்பது இங்கே யார்? வீட்டுக்கு வந்தவர். அனிச்சம் என்ற பூவையோ பிள்ளை பார்த்ததே இல்லை. ஆனாலும் மோந்து பார்த்தாலே வாடும் என்று குறளே சொல்லிவிடுகிறது. அது பூ, அதுவும் மிக மென்மையான பூ என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரே குறளில் இரண்டு சொல்.

தமிழ் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கும் தடயங்கள் வேறு சிலவும் உண்டு. ஆங்கிலப் புத்தகங்களிலிருந்து பெயர்த்தெடுத்த பயிற்சித் தாள்களில் இவை வருவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய பாணிக் கதைகளில் இயம்பினான், மொழிந்தான், பகர்ந்தான், நவின்றான், செப்பினான் என்று வந்துகொண்டே இருக்கும். பிள்ளை ஒவ்வொன்றிலும் தடுக்கி நிற்கும். முன்னால் "என்று" இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் பேச்சு முடிந்து "என்று" வந்து, பின்னால் தெரியாத வினை வந்தால் அது பெரும்பாலும் சொல்வது, இல்லாவிட்டால் நினைப்பது அல்லது பயப்படுவது. இதை ஒருமுறை கவனித்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு சொற்களில் இனி நிற்கவே மாட்டாள்.

அதேபோல "உற்றான்". துயருற்றான், அல்லலுற்றான், வியப்புற்றான், அச்சமுற்றான். நீளத்தைப் பார்த்தே பிள்ளை பயந்துவிடும். விரலால் பின்பாதியை மறைத்துக் காட்டுங்கள். அச்சம் தெரியும், வியப்பு தெரியும். "உற்றான்" என்பது அதை அடைந்தான் என்று தெரிந்தால், அல்லலும் ஏதோ ஒரு மனநிலை என்பது வரை வந்துவிடலாம். நல்லதா கெட்டதா என்பதைக் கதை சொல்லும். புணர்ந்து கிடக்கும் சொல்லைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் வந்துவிட்டால், தெரியாத சொல் என்று பிள்ளை நினைப்பதில் நிறைய ஏற்கெனவே தெரிந்த சொல்லாகவே இருக்கும்.

இணைமொழிகள் இன்னும் நல்ல ஆசிரியர்கள். நோய்நொடி, ஈவு இரக்கம், தோட்டம் துரவு. ஒன்று தெரிந்தால் மற்றது அதன் பக்கத்து வீடு என்று ஊகிக்கலாம். ஆனால் மேடுபள்ளம், இன்பதுன்பம் போன்றவற்றில் இரண்டும் எதிரெதிர். எனவே பக்கத்தில் இருப்பது ஒத்த சொல் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிக்கொடுக்கலாம்.

மரபுத்தொடருக்கு எனக்கு மிகவும் பிடித்த தடயம் வேற்றுமை உருபு. இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். "சாப்பிட்டு முடித்ததும் கை கழுவினார்." "கடன் முற்றியதும் கூட்டாளியைக் கை கழுவினார்." இரண்டாவதில் "கூட்டாளியை" என்று ஒரு ஆள் வந்து நிற்கிறார். கையைக் கழுவலாம், தட்டைக் கழுவலாம், கூட்டாளியை எப்படிக் கழுவுவது? நேர்ப்பொருளுக்கு அங்கே இடமே இல்லை. "எண்ணெய் தேய்த்துத் தலை முழுகினாள்" என்பதும் "அந்த உறவையே தலைமுழுகினாள்" என்பதும் இப்படித்தான். வாக்கியத்தில் இடிக்கும் அந்த "ஐ" உருபைக் கண்டதும் "இது வேற ஏதோ" என்று பிள்ளைக்குப் பொறி தட்ட வேண்டும். பொறி தட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் மரபுத்தொடரில் பிள்ளைகள் தவறுவது பொருள் தெரியாததால் மட்டும் இல்லை. கையும் கழுவுவதும் தெரிந்த சொற்கள் என்பதால், அங்கே தெரியாதது ஒன்று இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

இனி, சூழல் கைகொடுக்காத இடங்கள். 1983இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன் ஆகியோரும் அவர்களுடன் பணியாற்றியவரும் சேர்ந்து, எல்லாச் சூழலும் ஒன்று இல்லை என்று காட்டினார்கள். பொருளைத் தெளிவாகக் காட்டும் சூழல், ஏறத்தாழக் காட்டும் சூழல், ஒன்றுமே காட்டாத சூழல், தவறான பக்கம் இழுத்துச் செல்லும் சூழல் என்று நான்காகப் பிரித்தார்கள். "உவகை" என்ற ஒரே சொல்லை வைத்து இதைப் பார்க்கலாம். "அண்ணன் வந்துவிட்டான் என்ற உவகையில் துள்ளிக் குதித்தாள், அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து வெகுநாள் ஆயிற்று" என்றால் பொருள் கையிலேயே இருக்கிறது. "மகன் பரிசு வாங்கியதைப் பார்த்த தாய்க்கு உவகை" என்றால் நல்ல உணர்ச்சி என்பது வரை தெரியும், மகிழ்ச்சியா பெருமையா என்று தெரியாது. "அவர் முகத்தில் உவகை தெரிந்தது" என்பதில் கோபம் என்று வைத்தாலும் வாக்கியம் நிற்கும். "உவகை தாளாமல் அவள் கண்களில் நீர் வழிந்தது" என்பதில் எந்தப் பிள்ளையும் துக்கம் என்றுதான் சொல்லும். அது பிள்ளையின் குற்றம் இல்லை, நன்றாக யோசித்ததால்தான் அப்படிச் சொல்கிறது.

ஆகவே புத்தகத்தைக் கையில் வாங்கி அந்த வரியை ஒருமுறை நீங்களே படித்துப் பாருங்கள். மூன்றாவது நான்காவது வகை என்றால் ஊகிக்கச் சொல்லிப் பிள்ளையை வதைக்காதீர்கள், பொருளைச் சொல்லிவிடுங்கள். "கல்யாணத்துக்கு வந்தவர் கை நனைக்காமலே கிளம்பிவிட்டார்" என்று வந்தால், நம் ஊர்ப் பந்தியில் "கை நனைச்சுட்டுப் போங்க" என்று யாரும் சொல்லிக் கேட்டிராத பிள்ளைக்கு அது கை கழுவாத அழுக்கு ஆள் பற்றிய செய்தியாகத்தான் இருக்கும். எத்தனை நேரம் யோசித்தாலும் அதில் சாப்பாடு வராது. சொல்லிவிட வேண்டியதுதான். ஏற்றம், குதிர், பரண், உறி போன்ற புழக்கத்திலிருந்து போய்விட்ட பொருள்களுக்கும் படத்தைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் பாட்டியிடம் அனுப்புங்கள். உறியைப் பற்றிக் கேட்டால் பாட்டி பொருள் மட்டும் சொல்லி நிறுத்த மாட்டார், பூனையையும் சேர்த்துத்தான் சொல்வார்.

பக்கத்துக்கு ஐந்து சொல்லுக்கு மேல் தெரியவில்லை என்றால், அந்தப் புத்தகம் அவளுக்கு இப்போதைக்குக் கொஞ்சம் கனம். நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவள் கேட்கட்டும். தெரிந்த சொற்கள் சுற்றி இருந்தால்தான் தெரியாத சொல் வெளிச்சத்துக்கு வரும். உரியியலில் தொல்காப்பியர் சொல்லும் "பயிலாதவற்றைப் பயின்றவை சார்த்தி" என்பது இதற்கும் பொருந்தும்: பழகாததைப் பழகியதன் பக்கத்தில் வைத்துத்தான் விளக்க முடியும், பழகியது அங்கே கொஞ்சமாவது இருக்க வேண்டும். அதே இயலில் "பொருட்குப் பொருள்தெரியின் அதுவரம் பின்றே" என்றும் வருகிறது. சொன்ன பொருளுக்கும் பொருள் கேட்டுக்கொண்டே போனால் எல்லையே இல்லை. "அல்லல்னா?" "துன்பம்." "துன்பம்னா?" "இடர்." இப்படிப் போகும் வீடுகளில் பிள்ளைக்குக் கடைசி வரை ஒன்றும் பிடிபடாது. "காசு தொலைஞ்ச அன்னைக்கு நீ எப்படி இருந்த, அது" என்றால் முடிந்தது.

அவள் பொருளை எப்படிச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். "ஹாப்பியா இருந்தாங்க" என்றாலும் அது உவகையைப் புரிந்துகொண்டதுதான். பேச்சுத் தமிழில் சொன்னாலும், முகபாவனையில் காட்டினாலும் சரி. அங்கேயே நிறுத்தி "தமிழ்ல சொல்லு" என்று திருத்தினால் அடுத்த தடவை கேட்கவே மாட்டாள். சொன்ன பொருளை அந்த இடத்தில் வைத்து வாக்கியத்தை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். இடித்தால் அவள் காதுக்கே தெரியும்.

அகராதி எப்போது? ஊகித்த பிறகு, ஊகம் சரிதானா என்று பார்க்க. அதற்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பரிந்துரைப்பேன். 1992இல் முதல் பதிப்பும் 2008இல் இரண்டாவதும் வந்தன, 2020இல் விரிவாக்கிய மூன்றாம் பதிப்பு வந்தது. பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் தருவதால் அங்கேயும் பிள்ளைக்கு ஒரு சூழல் கிடைக்கிறது. ஆனால் சின்னப் பிள்ளையைத் தனியாக அகராதியிடம் அனுப்பினால் திரும்பி வந்து "இதுல இல்லை" என்று சொல்லும். கதையில் "வெந்தது" என்று இருக்கும், தேட வேண்டியது "வே". "நொந்து" என்று இருக்கும், தேட வேண்டியது "நோ". "ஈன்றது" என்பதற்கு "ஈன்". வினையின் வேரைக் கண்டுபிடிப்பதே தனி வித்தை. முதல் சில மாதம் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

இவ்வளவு செய்தும் போன வாரம் ஊகித்த சொல்லை இந்த வாரம் மறந்துவிட்டாள் என்றால் மனம் தளராதீர்கள். 1999இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஸ்வான்போர்னும் டி குளோப்பரும் இது தொடர்பான 20 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இயல்பாகப் படித்துக்கொண்டு போகும்போது எதிர்ப்படும் தெரியாத சொற்களில் சராசரியாக 15 சதவீதமே மாணவர்கள் மனத்தில் நிற்கிறது என்று தெரிந்தது. அது தமிழ்ப் பிள்ளைகளை வைத்துச் செய்தது இல்லை, ஆனாலும் வகுப்பில் நான் காண்பதற்கு ஒத்தே வருகிறது. ஒரு சந்திப்பில் சொல் முழுதாக வசப்படாது. முதல் தடவை "எங்கேயோ பார்த்தது" என்ற அளவில் நிற்கும், பிறகு நல்லதா கெட்டதா என்று தெரியும், அப்புறம்தான் வாயில் வரும். அதனால் ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாளே என்று கவலைப்பட வேண்டாம், அது சொல்லுக்கு மிகவும் நல்லது. ஒரே எழுத்தாளரின் கதைகளைத் தொடர்ந்து படிப்பதும் நல்லது, அவருக்குப் பிடித்த சொற்கள் திரும்பத் திரும்ப வரும். நோட்டில் எழுதி வைப்பதாக இருந்தால் சொல்லையும் பொருளையும் மட்டும் எழுத விடாதீர்கள், கதையில் வந்த அந்த வாக்கியத்தையே எழுதச் சொல்லுங்கள்.

இப்போது அந்த மரபுத்தொடர்ப் பட்டியல். "கம்பி நீட்டுதல் – ஓடிவிடுதல்" என்று படித்த பிள்ளை, "ஓட்டப் பந்தயத்தில் என் தம்பி முதலாவதாகக் கம்பி நீட்டினான்" என்று எழுதுகிறது. பட்டியல்படி இதில் தப்பே இல்லை. வேலையோ கடனோ மாட்டிக்கொள்ளும் நேரமோ வந்ததும் சத்தமில்லாமல் நழுவுபவன்தான் கம்பி நீட்டுவான் என்பது பட்டியலில் இல்லை. "வாய் நீளம்" என்பதைச் சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சொல்லலாம், தாத்தாவைப் பார்த்துச் சொல்லக் கூடாது என்பதும் அதில் இல்லை. "எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே" என்று நன்னூல் சொல்லும் அந்த "எவ்வாறு" என்ற பகுதியைப் பட்டியல் விட்டுவிடுகிறது. அதனால்தான் ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளை கதையில் விழிக்கிறது.

உண்மையில் உங்கள் மகளுக்கு மரபுத்தொடர் நிறையத் தெரியும், அது மரபுத்தொடர் என்று தெரியாது, அவ்வளவுதான். வயிறு எரியுது, காது குத்துறான், கண்ணு வைக்காதே, தலைகால் புரியல, அல்வா கொடுத்துட்டான் என்று வீட்டிலும் தெருவிலும் நாள் முழுக்கக் கேட்கிறாள். அங்கிருந்து தொடங்குங்கள். "மாமா காது குத்துறார்னு நேத்து சொன்னியே, எந்தக் காதை?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பாள், சொல் ஒன்றும் பொருள் வேறொன்றுமாக இருப்பதைத் தானே பிடித்துக்கொள்வாள்.

தேர்வுக்கு அந்தப் பட்டியல் வேண்டியிருக்கிறது என்பது எனக்கும் தெரியும். தொடருக்கு எதிரே பொருளை எழுதுவதற்குப் பதில் யார், யாரிடம், எப்போது என்று மூன்றே விஷயம் உள்ள ஒரு குட்டிச் சம்பவத்தை அவளையே சொல்லச் சொல்லுங்கள். "பக்கத்து வீட்டு அண்ணன், கிரிக்கெட் பந்து ஜன்னல்ல பட்டதும், கம்பி நீட்டிட்டான்." ஒரு நாளைக்கு இரண்டு தொடர் போதும். முதலில் கை, வாய், கண், தலை என்று உடம்பை வைத்து வரும் தொடர்களை எடுங்கள். அவற்றைச் செய்து காட்டலாம், வீட்டுப் பேச்சிலும் அடிக்கடி வரும். ஆகாயத் தாமரை, முயற்கொம்பு போன்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தாமரை எங்கே பூக்கும், முயல் தலையில் என்ன இருக்கும் என்று ஒரு கேள்வி கேட்டாலே அவை வந்துவிடும்.